வல்லைவெளியில் பத்தடித் தூரம்

யாழ்ப்பாணத்து உடுவில் ஊர்ச் சோமசேகரத்தின் மனைவி பத்மாசினி பயப்படாத சாமான் உலகத்தில் ஒன்றுமில்லை என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் பெரிய பொய்யும் இல்லை. மின்னல் அடித்தால் வீட்டிலுள்ள கண்ணாடி, கத்தி எல்லாவற்றையும் துணி போட்டு மூடுவாள். பிள்ளைகள் கிணற்றுக்கட்டுப் பக்கம் போனால் ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வருவாள். நாவற்பழம் தின்றால் கொட்டைகளை எண்ணிப் பார்ப்பாள், எத்தனை உள்ளே போனது என்று. மற்றவர்கள் ஆபத்து வந்த பிறகு பயந்தார்கள். அவள் முற்கூட்டியே பயந்து வைத்திருந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியபோது ஊர் முழுவதும் அவளுடைய கட்சிக்கு வந்து சேர்ந்தது. அந்த ஒழுங்கையில் முதலாவதாகக் குண்டுக்குப் பதுங்குகிற பங்கர் வெட்டியது சோமசேகரத்தின் வளவில்தான். அவனுக்கு விருப்பமில்லை. வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறுகிற நேரத்தில் மனிசி குழி வெட்டச் சொல்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் வெட்டினான். இரண்டு கிழமை கழித்து அயலட்டை எல்லாம் அந்தக் குழிக்குள்தான் இறங்கியது. அன்றிலிருந்து அவன் அவளுடைய பயத்தைப் பகிடி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டான்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் தாரணிக்கு எட்டு வயது. இளையவன் ஐங்கரனுக்கு நாலு. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி விடுமுறையில் ஒருநாள் ஐங்கரன் தகப்பனிடம் கேட்டான்.

"அப்பா, கடல் எங்கடை கிணத்தை விடப் பெரிசோ?"

சோமசேகரத்துக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தில் பிறந்து நாலு வருடமாகிவிட்டது, பிள்ளை இன்னும் கடலைக் காணவில்லை. கீரிமலைப் பக்கம் போக முடியாது. அந்தப் பக்கத்துக் கரை முழுவதும் ஆமிக்காரனின் கையில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வல்லிபுரக் கோயிலுக்குப் போய், அப்படியே பின்பக்க மணல் ஏறிக் கடலையும் காட்டிக்கொண்டு வருவதென்று அவன் முடிவெடுத்தான். வழியில் நெல்லியடியில் அவனுடைய தமக்கை அருமைநாயகியின் வீடு இருக்கிறது. அங்கே இளைப்பாறலாம்.

பத்மாசினி மூன்று நாள் வேண்டாம் என்றாள். நாலாம் நாள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓம் என்றாள். அந்த ஓமுக்குப் பிறகு அவளுக்கு நித்திரை இல்லை.

பெற்றோல் கிடையாது, பஸ் கிடையாது. போவதென்றால் சைக்கிள்தான். சோமசேகரத்தின் சைக்கிளில் தாரணி. பத்மாசினியின் லேடீஸ் சைக்கிளின் பின் கரியரில் ஐங்கரன். அவனைத் தன்னோடுதான் ஏற்றுவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். போன வருடம் பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளையின் பேத்தியின் கால் சில்லுக்கம்பிக்குள் போய்க் குதிக்கால் சதை பிய்ந்து தொங்கியதைக் கண்ணால் கண்டவள் அவள். அதனால் பழைய நூல்சீலை ஒன்றை நீளமாகக் கிழித்தாள். பையனின் இரண்டு கணுக்காலையும் அகட்டி, இரண்டு பக்கக் கரியர் கம்பியோடும் சேர்த்துக் கட்டினாள். நித்திரை தூங்கினாலும் கால் உள்ளே போகாது. அந்த நாளில் தூர வழி போகிற தாய்மார் பலர் இப்படிக் கட்டுவதுதான். மற்றவர்கள் ஒரு முடிச்சுப் போட்டார்கள். அவள் மூன்று போட்டாள்.

"கடாவைக் கட்டிறமாதிரிக் கட்டிறாய்," என்றான் சோமசேகரம்.

"கால் போனால் நீங்களோ குடுக்கப்போறியள்?"

அவன் பேச்சை மாற்றினான். வழிக்கு வேண்டிய பாடத்தை மட்டும் சொன்னான். ஹெலிகொப்டர் வந்து சுடுகிற அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான் அது.

"ஹெலி வந்தால் சைக்கிளைப் பாக்கக்கூடாது. அப்பிடியே போட்டிட்டு ஓடிப் பள்ளத்திலை படுக்கவேணும். சைக்கிள் போனால் வேறை எடுக்கலாம்."

பத்மாசினி தலையாட்டினாள். கட்டியதும் சரி, தலையாட்டியதும் சரி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவர்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

விடியப் புறப்பட்டு, சுன்னாகம் தாண்டி, புத்தூர் தாண்டி, ஆவரங்காலில் ஒரு தேத்தண்ணி குடித்து, ஒன்பது மணிபோல் வல்லைவெளிக்குள் இறங்கினார்கள். வல்லைவெளியைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரம் இல்லை, மதில் இல்லை, ஒளிக்க ஒரு பற்றையும் இல்லை. உப்புத்தரையும் காற்றும்தான். நடுவே கறுத்த தார்வீதி. வழியில் முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து சைக்கிள்கள். எல்லோரும் ஒருவரை ஒருவர் விட்டுத் தள்ளித்தான் மிதித்தார்கள், கும்பலாகத் தெரியக்கூடாதென்று. கதைப்பவர் யாரும் இல்லை. சோமசேகரம் நூற்றைம்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

ஐங்கரன் மட்டும் பின்னால் இருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டு வந்தான். இதுதானோ கடல், அதுதானோ கடல் என்று. உப்பாற்றில் நின்ற தண்ணீரைக் கண்டதும் அவனுக்குச் சந்தேகம் கூடிவிட்டது.

"இது இல்லை ராசா. பேசாமல் இரு," என்றாள் பத்மாசினி. அவளுடைய காது முழுவதும் ஆமிக்காரனின் பலாலி முகாம் இருக்கிற வடமேற்குப் பக்கம் இருந்தது.

சத்தம் காற்றோடு கலந்துதான் வந்தது. முதலில் அது காற்றென்றே நினைத்தாள். பிறகு முன்னால் போன ஒருவர் சைக்கிளை வீதியில் சாய்த்துவிட்டு ஓடுவது தெரிந்தது. சோமசேகரம் தாரணியைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீதிக்கரைப் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தான். பாய்ந்துகொண்டே கத்தினான்.

"பத்மா, போட்டிட்டு ஓடி வா."

அவள் போட்டுவிட்டு ஓடினாள்.

அதை எப்படிச் சொன்னாலும் இதுதான் நடந்தது. இரண்டு கையையும் விட்டாள். சைக்கிள் பின்னால் விழுகிற சத்தம் கேட்டது. கால்கள் தாங்களாகவே ஓடின. மேலே சத்தம் தலையைப் பிளந்தது. நெஞ்சுக்குள் பிள்ளை இல்லை, புருசன் இல்லை, கடவுள்கூட இல்லை. அந்தப் பள்ளம் ஒன்றுதான் இருந்தது. அதற்குள் தலையை வைத்தால் போதும். பள்ளத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் "அம்மா" என்று கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். வீதியின் நடுவே சைக்கிள் கிடந்தது. அதன் கீழே, காலிரண்டும் கம்பியோடு கட்டியபடி, அவளுடைய பிள்ளை முகம் குப்புறக் கிடந்தான். கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தான். எழும்ப முடியவில்லை. சைக்கிளும் அவனோடு சேர்ந்து அசைந்தது.

பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியை அவள் எப்படித் திரும்பிப் போனாள் என்பது அவளுக்கே தெரியாது. போய் விழுந்து முடிச்சைப் பிடித்தாள். மூன்று முடிச்சும் வியர்வையில் இறுகிக் கல்லாகியிருந்தன. பல்லால் கடித்தாள். மேலே நிழல் ஒன்று வீதியைத் தடவிக்கொண்டு போனது. உப்பாற்றுப் பக்கம் படபடவென்று வெடித்துச் சேறு எழும்பியது. அவள் முடிச்சை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மேலேயே, சைக்கிளுக்கு மேலேயே படுத்தாள். மிதிகட்டை அவளுடைய விலாவுக்குள் ஏறியது. பிள்ளையின் முகத்துக்குக் கீழே கையைக் கொடுத்தாள். கை சுடச்சுட நனைந்தது. வெடி பட்டுவிட்டது என்றே நினைத்தாள். 'முருகா, என்னை எடு, என்னை எடு' என்று மனதுக்குள் கேட்டாள். அப்படிக் கேட்டபோதே, கொஞ்சத்துக்கு முன் ஓடியவள் யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

ஹெலி இன்னுமொரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பலாலிப் பக்கம் போனது. சோமசேகரம் ஓடி வந்து இடுப்பில் இருந்த வெங்காயம் வெட்டுகிற சின்னக் கத்தியால் சீலைத்துண்டை அறுத்தான். பிள்ளையைத் திருப்பினான். நாடியில், கீழுதட்டுக்குக் கீழே, வாய் பிளந்ததுபோல் ஒரு வெட்டு. வீதிக்கல் வெட்டியது. வேறு எங்கும் ஒன்றுமில்லை.

"வெடி இல்லையடி. கல்லடி. வெறும் கல்லு," என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்லும்போது அவனும் அழுதான்.

பிறகு வீதியைப் பார்த்து, சைக்கிள் எடுக்க எழும்பி வந்துகொண்டிருந்தவர்களுக்குச் சொன்னான்: "பிள்ளைக்கு மேலை படுத்து மறைச்சுக்கொண்டு கிடந்தவள்."

அவன் பள்ளத்தில் தாரணியை மூடிக்கொண்டு குப்புறக் கிடந்தவன். தலை நிமிர்த்திப் பார்த்தபோது அவள் பிள்ளைக்கு மேலே கிடந்தது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பத்மாசினி அதைத் திருத்தவில்லை. சீலைத் தலைப்பைப் பிள்ளையின் நாடியில் வைத்து அழுத்திக்கொண்டு நடந்தாள்.

நெல்லியடியில் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஒருவர், இராசநாயகம் என்று பெயர், வீட்டிலேயே மருந்து கட்டிக்கொண்டிருந்தார். காயத்தைக் கழுவிப் பார்த்துவிட்டு, சின்னக் காயம்தான், மூன்று தையல் போட்டால் சரி என்றார். விறைக்கிற மருந்து மட்டும் இல்லையாம். மருந்து வந்து மூன்று மாதமாம்.

"அம்மா தலையைப் பிடியுங்கோ. அப்பா காலைப் பிடியுங்கோ," என்றார்.

மூன்று தையலுக்கும் ஐங்கரன் கதறிய கதறல் இரண்டு வளவுக்குக் கேட்டிருக்கும். கதறும்போது தாயின் முகத்தையே பார்த்தான். பத்மாசினிக்கு அந்தக் கண்களைப் பார்க்கப் பயமாக இருந்தது. இவனுக்குத் தெரியுமோ. குப்புறக் கிடந்தவன் எதைக் கண்டான். நான் ஓடிய காலைக் கண்டானோ. தையல் முடிந்து, ஏற்பு வராமல் ஊசியும் போட்டு, பிள்ளை அவளுடைய தோளில் விக்கிக்கொண்டே நித்திரையாகிப் போனான்.

அருமைநாயகி வீட்டுக்குப் போனபோது மத்தியானம். அவள் மோசமான பெண் இல்லை. தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் உயிரையே கொடுப்பாள். ஆனால் எதையும் அடிமுடி கேட்டு அறியாமல் விடமாட்டாள். சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்கத் தொடங்கினாள். சோமசேகரம் தன் கதையைச் சொன்னான். மேலே படுத்ததைச் சொன்னான். அருமைநாயகி நித்திரையாய்க் கிடந்த மருமகனின் காலைத் திருப்பிப் பார்த்தாள். கணுக்காலில் சீலை வெட்டிய சிவத்த வளையம் இரண்டு பக்கமும் கிடந்தது.

"கால் கட்டியிருந்ததெண்டால் பிள்ளை சைக்கிளோடை விழுந்திருக்கிறான். அப்ப நீ எங்கை நிண்டனி, பத்மா?"

பத்மாசினி பிசைந்து எடுத்த சோற்றைத் திரும்ப வைத்தாள். சோமசேகரமும் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினான். அவனுக்கும் அந்தக் கேள்வி இப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

"அம்மா இறங்கேல்லை மாமி," என்று தாரணி சொன்னாள். "சைக்கிள் சரிஞ்சது. அம்மாவும் தம்பியோடைதான் விழுந்தவ. நான் பாத்தனான்."

சொல்லிவிட்டுக் கத்தரிக்காய்க் கறியைச் சோற்றோடு பிசைந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அருமைநாயகி, "பாவம், உனக்கும் அடிபட்டிருக்கும், நல்லெண்ணெய் பூசிவிடுறன்," என்றாள். பத்மாசினி மகளைப் பார்த்தாள். மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் எல்லாவற்றையும் கண்டிருக்கிறாள். தகப்பனின் கைக்குக் கீழால், முழுவதையும். எட்டு வயதுப் பிள்ளை தாய்க்காகப் பொய் சொல்லுகிறது, அதுவும் ஒரு சொல்லுத் தடுமாறாமல். காலையில் ஹெலிக்குப் பயந்ததைவிட அந்த நேரம் மகளுக்குப் பயந்ததுதான் அதிகம்.

வல்லிபுரமும் இல்லை, கடலும் இல்லை என்றாயிற்று. விடியத் தறைக்குத் தண்ணீர் மாறவேண்டும், மாடும் கட்டையில் நிற்கிறது. மைமல் இருட்டுக்குள் வெளியைக் கடந்தால் மேலே இருப்பவனுக்குத் தெரியாது என்று அருமைநாயகியின் புருசன் சொன்னார். பொழுது சாயப் புறப்பட்டார்கள். ஐங்கரனைச் சோமசேகரம் தன் முன்பாரில், நெஞ்சோடு அணைத்துத் துவாயால் சுற்றி ஏற்றிக்கொண்டான். யாரும் யாருடைய காலையும் கட்டவில்லை. தாரணி தாயின் பின்னால் ஏறினாள்.

வெளிக்குள் இறங்கும்போது சூரியன் விழுந்துவிட்டது. சோமசேகரம் முன்னால் போனான். தார் மட்டும் கொஞ்சம் மினுங்கியது. காலையில் விழுந்த இடம் எது என்று பார்க்கக்கூடாதென்று பத்மாசினி முன்சில்லையே பார்த்துக்கொண்டு மிதித்தாள். காற்றுக்குள் வேறு சத்தம் இருக்கிறதோ என்று காது தேடியது. பின்னால் பிள்ளை இருக்கிற பாரமே தெரியவில்லை. வழக்கமாக இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வருகிறவள் இன்றைக்குக் கரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"என்ன பிள்ளை?"

"மாமிக்கு நான் பொய் சொன்னனான்."

பத்மாசினிக்கு மிதிகட்டை வழுக்கியது. "ஏன் சொன்னனி?" என்று கேட்டாள். காற்று அதை அடித்துக்கொண்டு போனது. இரண்டாம் தரம் கேட்டாள்.

"நான்தான் உங்களைக் கூப்பிட்டனான். அப்பா என்னைப் படுக்க வைக்கேக்கை, அம்மா கெதியா வாங்கோ எண்டு கத்தினனான். அதாலைதான் நீங்கள் தம்பியை விட்டிட்டு ஓடி வந்தனீங்கள். நான் கூப்பிடாட்டி நீங்கள் வந்திருக்கமாட்டியள்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "மாமி கேட்டுக்கேட்டு அதைக் கண்டுபிடிச்சிடுவா எண்டுதான் அப்பிடிச் சொன்னனான். தம்பிக்குத் தையல் போடேக்கையும் அதைத்தான் நினைச்சனான்."

பத்மாசினிக்கு எந்தக் கத்தலும் கேட்டிருக்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனால் மகள் சொல்லி முடித்த அந்தக் கணத்தில், எழுதவே வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு ஓர் ஆறுதல் வந்தது. பேசாமல் இருந்தால் போதும். பிள்ளை கூப்பிட்டாள், தாய் ஓடினாள். எந்தத் தாயும் ஓடுவாள்தானே. நாளைக்கு இது வெளியே வந்தாலும் ஊர் அப்படித்தான் சொல்லும். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி இருந்த கல்லை இறக்கி வைக்க இடம் கிடைத்திருந்தது. அந்த இடம் எட்டு வயதுப் பிள்ளையின் தலை.

அவள் நாலைந்து தரம் மிதித்தாள். பிறகு தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக வந்தது.

"தாரணி, நல்லாக் கேள். நீ கூப்பிட்டது எனக்குக் கேக்கேல்லை. எனக்கு ஒண்டுமே கேக்கேல்லை. நான் பயத்திலை ஓடினனான். தம்பி பின்னாலை இருக்கிறான், அவனை நான் கட்டி வைச்சிருக்கிறன் எண்டது எனக்கு நினைவிலையே இல்லை. அது என்ரை பிழை. உன்ரை இல்லை. விளங்குதோ?"

சில்லு உருள்கிற சத்தமும் காற்றும்தான்.

"விளங்குதோ பிள்ளை?"

"ஓம்." பிறகு மெல்லமாக, "அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. வீட்டை போய் நான் சொல்லுவன்."

"தம்பிக்கு?"

"தெரியேல்லை பிள்ளை. எனக்கும் அதுதான் பயமாக்கிடக்கு."

இப்படி ஒரு வார்த்தையை அவள் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. கிணற்றுக்கும் மின்னலுக்கும் பயப்படச் சொல்லிக் கொடுத்தவள், தன்னுடைய பயத்தைச் சொன்னதில்லை. உப்பாறு கடந்து போனது. வானத்தில் ஒன்றிரண்டு வெள்ளிகள் தெரியத் தொடங்கின.

"அம்மா, நான் அப்பிடிக் கட்டிக் கிடந்திருந்தாலும் திரும்பி வந்திருப்பீங்களோ?"

"ஓம்," என்றாள் பத்மாசினி.

சொல்ல ஒரு நொடியும் எடுக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் நேற்றுவரை இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு கேள்வி இருக்கவில்லை. இனி அது இருக்கும், எத்தனை தரம் ஓம் சொன்னாலும் இருக்கும் என்பது அவளுக்கு விளங்கியது. கரியர் கம்பியில் இருந்த தாரணியின் கைகள் அசையவில்லை. பத்மாசினி மிதித்தாள். மேலே என்ன வருகிறது என்று கேட்கக்கூட இப்போது மறந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு கைகள் என்ன செய்கின்றன என்பதிலேயே உயிர் முழுவதும் நின்றது.

வெளி முடிந்து முதலாவது பனைகள் வந்தன. முன்னால் சோமசேகரம் மணியை ஒருதரம் அடித்து, கடந்துவிட்டோம் என்று சொன்னான். வளவுகள் வந்தன, யாரோ வீட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். ஆவரங்கால் கிட்டியபோதுதான் ஒரு கை, ஒன்று மட்டும், மெல்ல வந்து அவளுடைய சீலையின் இடுப்பு மடிப்பைப் பிடித்தது. பத்மாசினி மூச்சை அடக்கிக்கொண்டு, சைக்கிள் ஆடாமல், நேரே மிதித்துக்கொண்டு போனாள்.